உமி மேட்டில் ஓர் ஏணி

போன மாதம் எங்கள் தீயணைப்பு நிலையத்தில் புதிய பயிற்சி அறையைத் திறந்தார்கள். ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எனக்கும் முன்வரிசையில் ஒரு கதிரை போட்டிருந்தார்கள். குளிரூட்டி, சுவர் அகலத்துக்கு ஒரு திரை, பொத்தானை அழுத்தினால் வெள்ளைப் புகை கக்குகிற ஒரு பெட்டி. அந்தப் புகைக்குள் நானும் ஒருதரம் தலையை நீட்டிப் பார்த்தேன். கண் எரியவில்லை, இருமல் வரவில்லை. கலியாண மேடையில் மாப்பிள்ளை பொம்பிளை வரும்போது அடிக்கிற புகை மாதிரி நல்ல சொகுசாக இருந்தது.

வெளியே வந்தபோது இப்போது வேலையில் இருக்கிறவர்கள் சுற்றி நின்றார்கள். "ஐயா, இதெல்லாம் இல்லாமல் நீங்கள் எப்பிடிப் படிச்சனீங்கள்?" என்று ஒருவர் கேட்டார். "அந்த உமிக் கதையை எழுதித் தாங்கோ ஐயா, வகுப்பில வாசிக்கலாம்" என்றார் இன்னொருவர். வாயால் சொல்லச் சொன்னால் நான் சளைக்கமாட்டேன். எழுதுவதுதான் கொஞ்சம் பாரம். ஆனாலும் ஒத்துக்கொண்டேன். ஏனென்றால் மற்ற ஆட்கள் அந்தக் கதையைச் சொல்லும்போது அதில் வருகிற ஏணி ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டு போகிறது. இன்னும் சில வருடம் போனால் அது மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வரைக்கும் எட்டிவிடும்.

நான் முதலில் தீயணைப்புக்காரன் இல்லை. போர் முடிந்து சனம் மீள்குடியேறிய ஊர்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோன பவுசர் சாரதி. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு வீடு பற்றிக்கொண்டால் அயலட்டைச் சனம் வாளியோடு ஓடிவரும், அல்லது என்னைப் போல ஒருவன் பவுசரைக் கொண்டுபோய் நிறுத்தி, குழாயைத் திறந்துவிட்டுத் தள்ளி நிற்பான். பிறகு பிரதேச சபைக்கு ஒரு தீயணைப்பு வண்டி கிடைத்தது. வண்டி வந்துவிட்டது, ஓட்டவும் அணைக்கவும் ஆட்கள் இல்லை. "தவராசா, உமக்குத் தண்ணியும் தெரியும், றோட்டும் தெரியும். சேருமன்" என்றார் சபைச் செயலாளர். சேர்ந்தேன். என்னோடு சேர்ந்தவர்களில் ஒருவன் ஜெயந்தன். துணுக்காய்க்காரன். கமம் செய்தவன், ஆறடி உயரம், வாய் ஓயாத ஆள்.

எங்களுக்குப் பொறுப்பதிகாரியாக வந்தவர் நசீர் சேர். வவுனியாப் பக்கத்து ஆள். வளைகுடா நாடொன்றில் விமான நிலையத் தீயணைப்பில் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். வரப்போகிற அதிகாரி நரைத்த மீசையோடு, வயிறு முன்னால் வர இறங்குவார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். பஸ்ஸால் இறங்கி வந்தவரைப் பார்த்து ஜெயந்தன், "தம்பி, ஆரைப் பார்க்க வந்தனீங்கள்?" என்று கேட்டுவிட்டான். எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அவர் தம்பி முறைதான். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல். அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. வகுப்பில் எங்கள் எல்லோரையும் "அண்ணன்" என்றுதான் கூப்பிடுவார். நெருப்படியில், அதாவது எரிகிற இடத்தில், மட்டும் பெயரோடு நிறுத்திக்கொள்வார். "அங்க அண்ணன் எண்டு சொல்ற நேரத்துக்கு ரெண்டு வேலை சொல்லிரலாம்" என்று முதல் நாளே விளங்கப்படுத்தினார்.

வகுப்பு நடந்தது நிலையத்துக்குப் பின்னால் இருந்த பழைய நெல் களஞ்சியத்தில். பள்ளிக்கூடம் ஒன்று கழித்துவிட்ட வாங்குகளையும் மேசைகளையும் வாங்கிப் போட்டிருந்தார்கள். சின்னப் பிள்ளைகளின் மேசை. உட்கார்ந்தால் முழங்கால் நாடியில் இடிக்கும். ஜெயந்தன் எழும்பும்போது மேசையும் அவனோடு சேர்ந்து எழும்பும்.

"நெருப்பை வெண்கட்டியாலே அணைக்கப் போறமோ?" என்று அவன் எனக்குப் பக்கத்தில் இருந்து முணுமுணுத்தான். எனக்கும் அதே எண்ணம்தான். வண்டி வாசலில் நிற்கிறது, தண்ணீர் நிறைந்திருக்கிறது. இங்கே இருந்து கரும்பலகையைப் பார்த்து என்ன செய்வது?

நசீர் சேர் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார்: ஆள், அயல், அனல்.

"நெருப்படிக்குப் போய் இறங்கினா இந்த வரிசைதான். முதல்ல ஆள். உள்ளுக்கு யாராவது இருக்காங்களா? ரெண்டாவது அயல். நெருப்பு அடுத்ததா எங்க தாவும்? அதுக்குப் பிறகுதான் அனல். எரியிறதைப் பார்த்தவுடன அதில தண்ணி அடிக்கத்தான் கை வரும். எல்லாருக்கும் வரும். அந்தக் கையைப் பிடிச்சு வைக்கத்தான் இந்த வகுப்பு."

பிறகு ஒரு மேசையில் மணலைப் பரப்பி, நெருப்புப் பெட்டிகளை அடுக்கி ஒரு சந்தி செய்தார். மாங்குளச் சந்தி என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தேத்தண்ணிக் கடை, சைக்கிள் திருத்துகிற கடை, எரிவாயு சிலிண்டர் விற்கிற கடை. தேத்தண்ணிக் கடைக்கூரையில் ஊதுபத்தி ஒன்றைக் குத்தினார். பக்கத்தில் மேசை விசிறியைப் போட்டார். புகை ஒரு பக்கமாகச் சரிந்தது.

"இது சோளகக் காத்து, தென்மேற்கால வாறது. ஜெயந்தன் அண்ணன், வண்டியை எங்க நிப்பாட்டுவீங்க?"

ஜெயந்தன் ஒரு நெருப்புப் பெட்டியை எடுத்துக் கடைக்கு நேர் முன்னால் வைத்தான்.

"பிறகு?"

"இறங்கித் தண்ணி அடிப்பன்."

"பிறகு?"

"நெருப்பு நூரும்."

நசீர் சேர் விசிறியை மற்றப் பக்கம் திருப்பினார். புகை வண்டியை மூடியது. "பின்னேரம் காத்து திரும்பிட்டுது. பிறகு?"

இந்தப் 'பிறகு' எங்களைப் படுத்திய பாடு சொல்லி முடியாது. எந்தப் பதிலைச் சொன்னாலும் அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. பால் விடாத பிளேன்ரீக் கோப்பையை ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு மெல்லமாக "பிறகு?" என்பார். நாங்கள் சொன்னது எங்கே கொண்டுபோய் விடும் என்று நாங்களே நடந்து பார்த்துவிட்டுத் திரும்பி வரவேண்டும். வீட்டில் மனிசி "கறிக்கு என்ன வாங்கினனீங்கள்?" என்று கேட்டால், பதில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்காகக் காத்துக்கொண்டு நிற்கிற அளவுக்கு அந்தப் பழக்கம் எனக்குள் ஏறிவிட்டது.

புகைக்குள் ஆள் தேடுகிற பயிற்சியைச் சொல்லாமல் விடமுடியாது. முகமூடிக் கண்ணாடியில் கறுப்புத் துணியைக் கட்டிவிடுவார்கள். ஒன்றும் தெரியாது. கதவை முதலில் புறங்கையால் தொட்டுச் சூடு பார்க்கவேண்டும். திறந்து, தவழ்ந்து போகவேண்டும். வலக்கை சுவரை விட்டு எடுபடக்கூடாது. சுவரை விட்டால் வாசலை விட்டமாதிரி. பின்னால் வருகிறவன் முன்னால் போகிறவனின் சப்பாத்தைப் பிடித்துக்கொள்ளவேண்டும். இடக்கையால் கட்டிலுக்குக் கீழ், அலுமாரிக்குப் பின்னால், கதவு மூலை என்று தடவிக்கொண்டு போகவேண்டும். "பெரியவங்க வாசலை நோக்கி ஓடுவாங்க, கதவடியில பாருங்க. பிள்ளைகள் ஒளிப்பாங்க, கட்டிலுக்குக் கீழ பாருங்க" என்பார்.

தேடி எடுக்கவேண்டிய ஆள் ஒரு மணல் சாக்கு. அதற்குச் சாரமும் சேட்டும் போட்டு, சின்னத்துரை என்று பெயரும் வைத்திருந்தோம். ஒருநாள் களஞ்சியத்துக்குப் பக்கத்து அறையில் சின்னத்துரையைக் கிடத்திவிட்டு ஜெயந்தனை உள்ளே அனுப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே பெரிய சத்தம். கதவு திறந்தது. ஜெயந்தன் பின்பக்கமாகத் தவழ்ந்தபடி, பயிற்சியில் சொன்ன முறை ஒன்றும் பிசகாமல், கக்கத்தில் கைகொடுத்து ஒரு ஆளை இழுத்துக்கொண்டு வந்தான். அது எங்கள் நிலையக் காவலாளி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த அறையில் பாய் போட்டுப் படுத்திருக்கிறார். "விடடா என்னை! ஐயோ, என்னை ஏனடா இழுக்கிறாய்?" என்று அவர் கத்த, "பயப்படாதேங்கோ ஐயா, நாங்கள் வந்திட்டம்" என்று ஜெயந்தன் ஆறுதல் சொல்லிக்கொண்டே இழுத்தான். கண்ணில் துணி கட்டியிருக்கிறது, சின்னத்துரை எப்படிப் பேசும் என்று அவனுக்கு யோசனை வரவில்லை.

நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நசீர் சேர் மட்டும் சிரிக்கவில்லை. "நல்லது. உயிரோட ஒராள் வெளியில வந்திட்டார்" என்றார். "சின்னத்துரை இன்னும் உள்ளுக்கு இருக்கார். போங்க."

உமி பற்றிய பாடம் வந்தது அதற்குப் பிறகுதான். எங்கள் பக்கத்தில் அரிசி மில் இல்லாத ஊர் இல்லை. மில்லுக்குப் பின்னால் மலையாக உமி கொட்டிக் கிடக்கும். "எரியிற வீட்டைவிட எரியிற உமிக்குத்தான் நான் பயம்" என்றார் நசீர் சேர். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உமியில் என்ன பயம்? ஊதினால் பறக்கிற சாமான்.

அவர் ஒரு பெரிய இரும்புத் தாச்சியில் உமியைக் குவித்து, நடுவில் நெருப்புத் தணலை வைத்து மூடி, மேசையில் வைத்தார். குவியலின் உச்சியில் ஒரு அரைச் செங்கல்லை மெல்லமாக வைத்துவிட்டு, வேறு பாடத்தைத் தொடங்கினார். கயிற்று முடிச்சு. நாங்கள் கயிறு கட்டிக்கொண்டிருந்தோம். உமி மேலே இலேசாகக் கறுத்தது, மெல்லிய புகை வந்தது, அவ்வளவுதான். செங்கல் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் அதை மறந்துபோனோம். ஜெயந்தன் ஏதோ பகிடி சொல்லிக்கொண்டிருந்தான். திடீரென்று 'பொசுக்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் செங்கல்லைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. ஓட்டைக்குள் செக்கச்சிவந்த தணல்.

ஜெயந்தன் குனிந்து அந்த ஓட்டைக்குள் பார்த்தான்.

"உமி மேல எரியாது. உள்ளுக்கு எரிஞ்சு எரிஞ்சு குகையாகும். மேல ஒரு தோல் மட்டும் இருக்கும், பார்த்தா நிலம் மாதிரி. அதில ஆள் ஏறி நிண்டா இந்தக் கல்லுக்கு நடந்ததுதான் நடக்கும். தண்ணியைப் பலமா அடிச்சா தோல் உடையும், தூள் பறந்து குபீரெண்டு பத்தும்." அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அதால உமியில நடக்கிறதில்லை. படுத்துத்தான் போறது. ஏணியைப் படுக்கப் போட்டு, அதுக்கு மேல படுத்துப் போறது. ஒராள் புதைஞ்சா, சுத்திவர நாலு தகரத்தை இறக்கிப் பெட்டி மாதிரி அடைச்சுப்போட்டு, பெட்டிக்குள்ள இருக்கிற உமியை மட்டும் அள்ளுறது. தகரமில்லாம அள்ளினா, அள்ள அள்ளச் சரிஞ்சுகொண்டே இருக்கும்."

முற்றத்தில் உமியைக் கொட்டி, ஜெயந்தனை இடுப்பு வரைக்கும் புதைத்து, இதை எத்தனையோ தரம் செய்து பார்த்தோம். ஆறடி மனிதன் உமிக்குள் இருந்து தும்முவதும், நாங்கள் ஏணியில் பல்லி மாதிரி ஊர்ந்து போவதுமாக ஒரே கூத்து. றோட்டால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தீயணைப்புக்காரருக்கு விசர் பிடித்துவிட்டது என்று ஊரில் ஒரு கதையும் உலாவியது.

விசர் இல்லை என்று தெரிந்த நாளும் வந்தது.

சோளகம் வீசுகிற காலம். முற்பகல். ஒட்டுசுட்டான் போகிற றோட்டில் மில் வைத்திருக்கிற பரமநாதன் அண்ணையின் மனைவி மகேஸ் அக்கா தொலைபேசி எடுத்தா. உமி மேடு புகைகிறது, மனிசன் தோட்டத்துக் குழாயை இழுத்துக்கொண்டு மேலே ஏறிவிட்டார், இறங்கச் சொன்னால் கேட்கிறாரில்லை, உடனே வாங்கோ. முந்தின நாள் பின்னேரம் பக்கத்துக் காணிக்கு யானை வந்திருக்கிறது. யாரோ கொளுத்தி எறிந்த யானை வெடி உமியில் விழுந்திருக்கிறது. அது சத்தமில்லாமல் உள்ளே வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. இது எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

நாங்கள் போய் இறங்கியபோது பரமநாதன் அண்ணை புதைந்துவிட்டார். மில் கூரை உயரத்துக்கு இருந்த உமி மேட்டின் நடுப்பக்கத்தில், இடக்கால் இடுப்புவரை உள்ளே, வலக்கால் மேலே மடிந்துபோய்க் கிடந்தது. பாரமான மனிதர். அசைய அசைய இன்னும் கொஞ்சம் இறங்கினார். அவரைச் சுற்றி மூன்று நான்கு இடத்தில் நூல் மாதிரிப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. சனம் வாளியோடு நின்று கத்தியது. ஒருவர் உழவு மிசினைக் கொண்டுவந்து நிறுத்தி, கயிற்றை எறிந்திருந்தார்; பரமநாதன் அண்ணையும் அதைத் தன் நெஞ்சில் கட்டியிருந்தார். மிசின் உறுமிக்கொண்டிருந்தது. இழுக்க வேண்டியதுதான் பாக்கி.

நசீர் சேர் இறங்கியதும் செய்த முதல் வேலை, நேரே மிசினடிக்குப் போய் அதை நிறுத்தித் திறப்பைக் கழற்றித் தன் காற்சட்டைப் பைக்குள் போட்டதுதான்.

"என்ன வேலை பார்க்கிறியள்? தாங்கோ திறப்பை!" என்று மிசின்காரர் பாய்ந்தார்.

"தாறன். அவர் இறங்கின பிறகு" என்றார் சேர். அதே மெல்லிய குரல். "இழுத்தா அவர்ர கால் அங்க நிக்கும், ஆள் மட்டும் வருவார். அந்தத் தோலும் உடைஞ்சிரும்."

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் சனத்துக்குப் பொறுக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மில்லையும் உமி மேட்டையும் சுற்றி நடக்கத் தொடங்கினார். ஓடவில்லை. நடந்தார். நானும் பின்னால் போனேன். ஒரு மெல்லிய இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு, போகப் போக உமிக்குள் குத்தி, இழுத்து, புறங்கையால் தொட்டுப் பார்த்தார். மகேஸ் அக்காவால் தாங்க முடியவில்லை.

"மனிசன் அங்க கிடந்து கத்துறார், நீங்கள் என்ன கோயில் வீதியோ சுத்துறியள்?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதா.

அந்த நேரம் எனக்கும் உடனே ஏறத்தான் கால் வந்தது. முன்பக்கத்தால் போனால் அவருக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு ஏணித் தூரம்தான். ஆனால் முன்பக்கம் குத்திய கம்பி, தொட முடியாத சூட்டில் வெளியே வந்தது. குத்தும்போது ஒரு தடையும் இருக்கவில்லை, சும்மா காற்றுக்குள் போவதுபோல் போனது. முன்பக்கம் முழுக்கக் குகை. சுற்றிப் பின்பக்கம் வந்தபோது அதே கம்பி இறுக்கமாக இறங்கியது. குளிர்ந்துபோய் வெளியே வந்தது. கொஞ்சம் ஈரமும் இருந்தது. அந்தப் பக்கம் பழைய உமி, மழையில் இறுகியது. தூரம் கூட. ஆனால் நிலம்.

சேர் நின்றார். அதற்குப் பிறகு வந்த வார்த்தைகள் ஒவ்வொன்றும் எண்ணிப் போட்டமாதிரி.

"ஜெயந்தன், தூவல். மெல்லிசா. மில் சுவரை நனை, டீசல் பரலை நனை. உமியில பாய்ச்சாதே. தவராசா, பின்பக்கம். ரெண்டு ஏணி, தகரம். நீ போ."

நான் போவதற்குக் காரணம் தைரியம் இல்லை. எங்களில் பாரம் குறைந்தவன் நான்தான்.

ஏணிகளை ஒன்றோடொன்று கட்டிப் படுக்கப் போட்டோம். இடுப்பில் கயிறு கட்டி, வயிற்றில் படுத்து ஊர்ந்தேன். தகரத் துண்டுகளை எனக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போனேன். பாதித் தூரம் வரைக்கும் முற்றத்தில் பழகியது மாதிரியே இருந்தது. அதற்குப் பிறகு கையுறைக்குள்ளால் சூடு வந்தது. அரிசி வறுக்கிற வாசம் மூக்கில் ஏறியது. எனக்கு அந்த நேரம் பசித்தது என்றால் நம்பமாட்டீர்கள்.

பரமநாதன் அண்ணை என்னைக் கண்டதும் வாய் திறந்தார். "தம்பி, மில்லுக்குள்ள மோட்டர் நிக்குது. போன மாதம்தான் பூட்டினது. அதை முதல்ல கழட்டச் சொல்லுங்கோ."

"முதல்ல உங்களைக் கழட்டுவம் அண்ணை."

"என்னை விடுங்கோ, நான் சமாளிப்பன். மோட்டருக்குத் தண்ணி படக்கூடாது. உந்த நெட்டையன் தண்ணியை எங்க அடிக்கிறான் எண்டு பாருங்கோ!"

இடுப்புவரை நெருப்பு மேட்டில் புதைந்திருக்கிற மனிதர், கையை நீட்டி ஜெயந்தனுக்குக் கட்டளை போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அது நல்லதாகப் பட்டது. கதைக்கிற மனிதனுக்கு மூச்சு இருக்கிறது.

முதல் தகரத்தை அவருக்கும் புகை வந்த பக்கத்துக்கும் இடையில் இறக்கினேன். இரண்டாவது. மூன்றாவதை இறக்கும்போது ஏதோ முறிகிற சத்தம். அவருக்கு ஒரு முழம் தள்ளி உமியில் ஒரு வெடிப்பு ஓடியது. வெடிப்புக்குள் சிவப்பு. பரமநாதன் அண்ணை கதையை நிறுத்திவிட்டார். என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். அந்தப் பிடியில் என் கை மரத்துப்போனது.

"தம்பி, கால் சுடுகுது" என்றார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"சுடுறது தெரியுதெண்டால் கால் நல்லா இருக்கு அண்ணை. என்ரை கையை மட்டும் விடுங்கோ, எனக்கு அது வேணும்."

விட்டார். ஒவ்வொரு விரலாக விட்டார். இந்த வேலையில் என்னிடம் யாரும் செய்த பெரிய காரியம் அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பயத்தில் பிடித்த பிடியை ஒரு மனிதன் கேட்டவுடன் விடுவது லேசான விஷயமில்லை.

நான்காவது தகரமும் இறங்கியது. பெட்டி அடைபட்டது. தலைக்கவசத்தைக் கழற்றி அதால் உமியை அள்ளத் தொடங்கினேன். அள்ளியது மறுபடி சரிந்து நிரம்பவில்லை. முற்றத்தில் ஜெயந்தனைச் சுற்றி அள்ளியபோது எப்படிக் குழி இறங்கியதோ அப்படியே இறங்கியது. ஜெயந்தன் கீழே இருந்து எங்களுக்கு மேல் மழைத்தூறல் மாதிரித் தண்ணீர் தூவினான். தண்ணீர் கூடினால் ஆவி எழும்பி அவிக்கும். குறைந்தால் அனல் சுடும். நான் உள்ளங்கையை மேலே காட்டினால் கூட்டுவான், கீழே காட்டினால் குறைப்பான். ஓயாத அந்த வாய் அன்றைக்கு ஒரு சொல் சொல்லவில்லை. கண் என் கையிலேயே இருந்தது.

முழங்கால் தெரிந்தது. கெண்டைக்கால் தெரிந்தது. பாதம் மட்டும் வரவில்லை. வயலுக்குப் போடுகிற றப்பர் சப்பாத்து, உள்ளே எதிலோ மாட்டி இறுகிக் கிடந்தது.

"அண்ணை, சப்பாத்தை விட்டிட்டு வாங்கோ."

"புதுச் சப்பாத்து..."

"அண்ணை!"

காலை முறுக்கி உருவினார். சப்பாத்து அங்கேயே நிற்க, கால் வெளியே வந்தது. அந்தச் சப்பாத்துத்தான் பாதத்தைக் காப்பாற்றியிருந்தது. அதற்கு மேலே கெண்டைக்காலில் தோல் வெந்திருந்தது. அவரை மிச்சமிருந்த தகரமொன்றில் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சுக் கயிற்றை அவிழ்த்து, எங்கள் கயிற்றைக் கட்டிச் சைகை காட்டினேன். பின்பக்கம் நின்றவர்கள் மெதுவாக இழுத்தார்கள். நான் தலைப்பக்கம் பிடித்தபடி பின்னோக்கி ஊர்ந்தேன்.

ஏணியின் பாதியைத் தாண்டியிருப்போம். அவர் புதைந்திருந்த இடம் 'பொசுக்' என்று உள்ளே போனது. தகரங்களும் போயின. பொறி கூரைக்கு மேல் பறந்தது. சனம் ஒரே குரலில் கத்தியது. அந்தச் சத்தத்தை நான் மறக்கமாட்டேன். பரமநாதன் அண்ணை தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். நானும் ஏணியில் முகத்தை வைத்து ஒரு மூச்சு அழுதுவிட்டுத்தான் இறங்கினேன்.

ஆளும் அயலும் முடிந்தது. அனல்தான் மிச்சம். சேர் மிசின்காரரிடம் போனார். பையிலிருந்து திறப்பை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார். "இப்பதான் உங்கட மிசின் வேணும். அந்தப் பக்கத்தால உமியைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்துப் பரவித் தாறீங்களா? நாங்க நனைச்சு நனைச்சு வாறம்." அவர் ஒரு கணம் முறைத்தார். பிறகு ஏறி உட்கார்ந்தார். பின்னேரம் வரைக்கும் எங்களோடு நின்று உழைத்தவர் அவர்தான். மில் சுவரில் ஒரு பலகை மட்டும் கருகியது. மோட்டரில் ஒரு துளி தண்ணீர் படவில்லை.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பரமநாதன் அண்ணை கட்டிலில் இருந்தபடி, பக்கத்துக் கட்டில்காரருக்குத் தகரம் இறக்குகிற முறையைக் கையால் காட்டிக்கொண்டிருந்தார். மகேஸ் அக்கா என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தா. "உங்கட சேரிட்டச் சொல்லுங்கோ தம்பி. நான் நேற்றைக்குக் கோயில் வீதி எண்டு கத்தினதை மனசில வைக்க வேண்டாமெண்டு."

வந்து சொன்னேன். நசீர் சேர் பிளேன்ரீயை உறிஞ்சிவிட்டு, "அவங்க சொன்னதில என்ன பிழை? இடமிருந்து வலமாத்தானே சுத்தினனான்" என்றார். அவர் பகிடி விட்டு நாங்கள் கேட்ட முதல் பகிடி அதுதான். ஜெயந்தன் எழும்பி நின்று சிரித்தான், மேசையும் எழும்பியது.

பாராட்டு என்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. எங்களை அந்தச் சின்ன வாங்குகளில் உட்காரவைத்து, முழுவதையும் முதலில் இருந்து சொல்லச் சொன்னார். யார் எங்கே நின்றது, எதைக் கண்டது, எதைக் காணாமல் விட்டது. ஏணிக் கட்டு பாதியில் இளகியிருந்ததை அவர் கவனித்திருந்தார். அன்றைக்கு முழுக்க முடிச்சுத்தான் போட்டோம். கையில் சூடு பட்ட கொப்புளத்தோடு நானும் போட்டேன்.

ஆறு மாதம் கழித்து, ஊன்றுகோலோடு ஒருவர் வகுப்பு வாசலில் நின்றார். பரமநாதன் அண்ணை. "உமிப் பாடம் எடுக்கிறியளெண்டு கேள்விப்பட்டன். உள்ளுக்கு இருந்து பார்த்தவன் நான்தானே, நான் சொல்லாமல் ஆர் சொல்லுறது?" என்றார். சேர் தன் கதிரையை அவருக்குக் கொடுத்துவிட்டு, பின்வாங்கில் போய் உட்கார்ந்தார். அன்றிலிருந்து எந்தப் புதிய அணி வந்தாலும் பரமநாதன் அண்ணைக்கு ஒரு வகுப்பு உண்டு. அவர் சொல்வதில் பாதி மோட்டரைப் பற்றியது. ஆனால் மிச்சப் பாதியில் அவர் சொல்கிற ஒன்றை எங்களில் யாராலும் சொல்லித்தர முடியாது: "மேல நிக்கேக்க எனக்குப் பயமே இருக்கேல்லை. அது நிலம் எண்டுதான் நினைச்சனான். பயமில்லாமல் நிக்கிற ஆளைத்தான் நீங்கள் முதல்ல பார்க்கவேணும்."

நசீர் சேர் பிறகு இடம் மாறிப் போனார். கொஞ்சக் காலம் நான் வகுப்பெடுத்தேன். நான் இளைப்பாறிய பிறகு ஜெயந்தன் எடுக்கிறான். வெண்கட்டியைப் பற்றி முணுமுணுத்த மனிதன், இப்போது அந்தப் பெரிய திரைக்கு முன்னால் நின்று கையை ஆட்டி ஆட்டி விளங்கப்படுத்துகிறான்.

எங்கள் நிலையத்தில் சேர்ந்த முதல் பெண் தர்சிகா. இரண்டு பிள்ளைகளின் தாய். என்னிடம் படித்த கடைசி அணியில் இருந்தவ. போன கிழமை மத்தியானம் தொலைபேசி எடுத்தா. துணுக்காய்ப் பக்கம் ஒரு வீட்டில் குசினி பற்றியிருக்கிறது. உள்ளே போனது அவவும் இன்னொருவரும். கட்டிலுக்குக் கீழே இருந்த ஒரு சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறா. பிள்ளைக்கு ஒன்றுமில்லை, இருமல் மட்டும்தான். அவ சொல்லிக்கொண்டே போனா. கதவு, சுவர், புகை, கையில் பட்ட சின்னக் கால். இடையில் சிரித்தா, இடையில் விம்மினா. அந்தச் சத்தம் குசினிக்குள் நின்ற என் மனைவிக்கும் கேட்டிருக்கிறது.

என் மனைவி இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட என் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தொலைபேசியை என்னிடமிருந்து வாங்கினா.

"பிள்ளை, நான் அவற்ற மனிசி கதைக்கிறன். நீர் இப்ப எங்க, வீட்டையோ? சரி. முதல்ல போய் முழுகும். ஒருக்காப் போட்டால் புகை மணம் போகாது, தலைக்கு ரெண்டுதரம் சம்பு போடவேணும். உடுப்பை வீட்டுக்குள்ள கொண்டுபோகாமல் வெளிக் கொடியில போடும். இரவைக்கு இருமல் வரும், அதுக்குக் கொத்தமல்லி அவிச்சுக் குடியும். நித்திரை வராது. வராட்டிப் பிள்ளையளுக்குப் பக்கத்தில போய்ப் படும்."

நான் கதிரையில் இருந்தபடி அவவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்காலே தர்சிகா மூக்கை உறிஞ்சிக்கொண்டு "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று சொல்வது எனக்கும் கேட்டது.